போடிக்கு வந்த வண்டியும் மலைமேல் வாழும் நம்மவரும்

கேரள நாட்டில் இருப்புப்பாதை ஒரு முழமேனும் இல்லாத மாவட்டங்கள் இரண்டு. ஒன்று வயநாடு, மற்றொன்று இடுக்கி. தேவிகுளம், உடுமஞ்சோலை, பீருமேடு ஆகிய வட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளியும் ஏலக்காய் பறித்தும் வாழ்ந்துவரும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புகைவண்டி ஏறவேண்டுமானால் மலையை விட்டு இறங்குவதொன்றே வழி. மேற்கே இறங்கினால் ஆலுவா, கிழக்கே இறங்கினால் போடிநாயக்கனூர். மூணாற்றிலிருந்து ஆலுவா ஏறக்குறைய 110 கிலோமீட்டர், போடியோ ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். தொலைவுக் கணக்கை விட்டு உறவுக் கணக்கைப் பார்த்தாலும், பெண் கொடுத்ததும் எடுத்ததும், குலதெய்வம் இருப்பதும், பிள்ளைகள் கல்லூரியில் படிப்பதும் பெரும்பாலும் கிழக்கேதான். ஆகவே, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தபோதிலும், போடி நிலையம் இடுக்கித் தமிழரின் நிலையம் என்று சொல்வதில் பிழையில்லை.

அந்த நிலையம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மூடிக் கிடந்து, 2023-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் அகலப்பாதை நிலையமாக மறுபடி திறக்கப்பெற்றது. ஓர் ஊருக்கு நிலையம் அமைப்பதென்றால் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கவேண்டும், அவற்றுள் எவை இங்கே நிறைவேறின, மலைமேல் இருக்கும் நமக்கு இன்னும் எவை வேண்டும் என்பனவற்றைச் சற்று விரிவாக ஆராய்வது நம் இதழின் வாசகர்களுக்குப் பயன்படும்.

முதலில் பழைய கதை. பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாத கதை அது.

இன்று இடுக்கியில் இருப்புப்பாதை இல்லை என்றோம். ஒரு காலத்தில் இருந்தது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றிய பின், மூணாற்றுத் தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பது பெருந்தொல்லையாக இருந்தது. 1902-இல் மூணாற்றுக்கும் மலையுச்சியில் உள்ள டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. ஒரே தண்டவாளத்தின்மேல் ஒரு சக்கரமும், சாலையின்மேல் சாயாமல் தாங்க மற்றொரு சக்கரமுமாக வண்டிகள் ஓடின, இழுத்தவை காளைகள். 1908-இல் அதனை நீக்கிவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை அமைத்து நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்பது அதன் பெயர். டாப் ஸ்டேஷன் என்று இன்று உல்லாசப் பயணிகள் படமெடுக்கப் போகும் இடத்துக்கு அப்பெயர் வந்ததே இதனால்தான். உச்சி நிலையம் அது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடிக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்று பெயர். அங்கிருந்து போடி; போடியிலிருந்து மாட்டுவண்டியில் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம்; பிறகு தூத்துக்குடி; பிறகு கப்பல். தேயிலை இறங்கிய அதே வழியில்தான் கங்காணிமார் அழைத்துவந்த நம் முன்னோர் மூட்டை முடிச்சுடன் ஏறினார்கள். ஒரு வேறுபாடு உண்டு: தேயிலைக்குக் கம்பிவடம் இருந்தது, ஆளுக்குக் கால்தான்.

1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பேய்மழை இந்தப் பாதையைத் துடைத்துக்கொண்டு போயிற்று. மலையாள ஆண்டு 1099 ஆதலால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று மலையாளிகள் இன்றும் சொல்லும் வெள்ளம் அது. பாதை திரும்பப் போடப்படவில்லை. மூணாற்றில் அன்றைய நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக மாறியது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்ப் பாதை வந்துசேர்ந்தது 1928-இல். மேலே இருந்த பாதை அழிந்து நான்கே ஆண்டுகளில் கீழே பாதை வந்தது. இரண்டும் ஒரே காலத்தில் இருந்திருந்தால், மூணாற்றில் ஏறிக் கம்பிவட இடைவெளி ஒன்று நீங்கலாக மதுரை வரை தண்டவாளத்திலேயே சரக்கு போயிருக்கும். அந்த இடைவெளியையும் நிரப்ப எவரேனும் முனைந்திருக்கவும் கூடும். அதற்குள் மூணாற்றுச் சரக்கு அடிமாலி, நேரியமங்கலம் வழியாகக் கொச்சியை நோக்கித் திரும்பத் தொடங்கிவிட்டது. 1935-இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றுக்குப் பாலம் கட்டப்பட்டதும் அந்தத் திருப்பம் உறுதியாயிற்று. நிலையம் ஒன்றைத் திட்டமிடுபவர் எங்கே கட்டுவது என்பதைப் போலவே எப்போது கட்டுவது என்பதையும் எண்ணவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

போடிப் பாதைக்கும் இடையூறுகள் குறைவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு வண்டி நின்றது. 1950-களின் முற்பகுதியில் மறுபடி ஓடத் தொடங்கியது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டு முடிவோடு மறுபடி நிறுத்தப்பட்டது. 90 கிலோமீட்டர்ப் பாதையை மாற்ற எத்தனை காலம் ஆகும் என்று அன்று கேட்டிருந்தால் மூன்று நான்கு ஆண்டுகள் என்று சொல்லியிருப்பார்கள். மதுரை முதல் தேனி வரையிலான 75 கிலோமீட்டர் 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதற்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. எஞ்சிய 15 கிலோமீட்டர் மேலும் ஓராண்டு கழித்து முடிந்தது. வண்டி நின்ற ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வண்டி வந்த ஆண்டில் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது. இடையில் ஒரு தலைமுறை வண்டியில் போகும் பழக்கத்தையே மறந்து பேருந்துக்கு மாறிவிட்டது. இந்த மறதியும் ஒரு நட்டமே. எந்தக் கணக்கேட்டிலும் அது பதியப்படுவதில்லை.

இடம் தேர்வது

பாதை மலைமேல் ஏறாமல் போடியோடு நிற்பதேன் என்று பலர் கேட்பதுண்டு. விடை எளிய கணக்கில் இருக்கிறது. போடி ஊர் மலையின் காலடியில் இருக்கிறது. போடிமெட்டு அதற்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் மேலே. சாதாரண எஞ்சின் ஏறக்கூடிய சரிவு மிகக் கடுமையாக வைத்தாலும் நாற்பதுக்கு ஒன்றுதான். அதாவது 1,000 மீட்டர் ஏற 40 கிலோமீட்டர்ப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகவேண்டும். அதில் குகைகளும் பாலங்களும் எத்தனை வேண்டுமென்பதை நீங்களே ஊகிக்கலாம். நீலகிரியில் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற செங்குத்தில் வண்டி ஏறுகிறதே என்றால், அங்கே பற்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து ஏறுகிறது, ஆமை வேகம். மாட்டுவண்டி கூடத் திணறும் கணவாய்களில் சாலை ஏறிவிட்டது. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். தண்டவாளத்துக்கு அவ்விதம் வளையத் தெரியாது.

நிலையம் அமையும் தரைக்கும் ஒரு விதி உண்டு. நானூறுக்கு ஒன்றுக்கு மேல் சரிவு அங்கே கூடாது. ஆயிரத்திருநூறுக்கு ஒன்று என்பதே விரும்பத்தக்கது. நின்ற வண்டி தானாக உருண்டுவிடக் கூடாதல்லவா! நீளமும் வேண்டும். இன்றைய பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். 24 பெட்டி வண்டி நிற்க மேடை மட்டும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். எஞ்சின் கழன்று மறுமுனைக்கு வந்து மாட்டிக்கொள்ளத் தனித் தடம், வண்டி தங்கினால் நிறுத்திவைக்க ஒரு தடம், பாதுகாப்பாகச் சோதிக்க ஓர் ஏற்பாடு என்று இடம் பெருகிக்கொண்டே போகும். இத்தனை நீளமும் சமனும் உடைய தரை ஊருக்கு நடுவே எங்கே கிடைக்கும்? ஆகவேதான் பொறியாளர் ஊரை விட்டு விலகுகிறார். இதில் அவர் வெற்றி பெற்றால் ஊர் தோற்கும்.

பாலக்காட்டுத் தமிழர்க்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து பேப்பூருக்குப் பாதை போட்ட மதராஸ் ரயில்வே கம்பெனி, 1862-இல் போத்தனூர்-பட்டாம்பிப் பகுதியைத் திறந்தபோது பாலக்காட்டு ஊரைத் தொடாமல் ஒலவக்கோட்டு வழியாகப் போயிற்று. கோயம்புத்தூரையும் அது தொடவில்லை; போத்தனூரோடு விலகிக்கொண்டது. 1873-இல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போடப்பட்டபோதுதான் கோவை நகரம் பாதையைக் கண்டது. பாலக்காட்டு ஊருக்கும் பின்னாளில் கிளை வந்தது. 1932-இல் பொள்ளாச்சியிலிருந்து மீட்டர்ப் பாதை வந்து சேர்ந்ததால் ‘டவுன்’ நிலையத்துக்கு உயிர் வந்தது. ஆனாலும் பெரிய வண்டிகள் எல்லாம் ஊருக்கு வெளியே நிற்க, பயணி ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் இன்றும் குறையவில்லை. நூற்றறுபது ஆண்டுக்கு முன் எவரோ ஒரு பொறியாளர் வரைபடத்தில் இழுத்த ஒரு கோட்டுக்கு இன்றைய பயணி கட்டணம் செலுத்துகிறார்.

சித்தூர் வட்டத்துத் தமிழர் நிலை இன்னும் ஒரு படி. சித்தூர் ஊருக்கென நிலையம் இல்லை. புதுநகரத்துக்கோ பாலக்காட்டுக்கோ போகவேண்டும். கொல்லங்கோடு, முதலமடை வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் அந்தப் பாதையும் 2008-ஆம் ஆண்டு இறுதியில் அகலமாக்குவதற்காக மூடப்பட்டு 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. மூடுவதற்கு முன் பாலக்காட்டிலிருந்து பழனி, மதுரை, இராமேசுவரம் என்று நேரே போய்க்கொண்டிருந்த சாதாரண வண்டிகள், திறந்த பிறகு உடனே திரும்பி வரவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி வழியாக மதுரை செல்லும் அமிர்தா விரைவு வண்டி வந்தது, அது நன்மையே. எனினும் விரைவு வண்டி எல்லாச் சிறு நிலையத்திலும் நிற்பதில்லை. பாதை அகலமாயிற்று, பயன் குறுகிற்று என்று முதலமடைப் பக்கத்தார் குறைப்பட்டுக்கொண்டால் அவர்களை எப்படிக் குறை சொல்வது? பாதை திறப்பதும் வண்டி விடுவதும் ஒன்றல்ல என்பதைப் போடிக்காரர்களும் நாமும் இங்கிருந்து கற்றுக்கொள்ளவேண்டும்.

போடியைப் பொறுத்தமட்டில் இடம் பற்றிய வழக்கு எழவில்லை. பழைய வழித்தடமே அகலமாயிற்று.

நேரம் என்னும் நிலையம்

இனி, மிகவும் முக்கியமானதற்கு வருவோம். 2023-இல் திறந்தபோது போடிக்கு இரண்டு வண்டிகள் கிடைத்தன. ஒன்று, சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் வரும் விரைவு வண்டி. இரவு பத்தரை மணியளவில் சென்னையை விட்டு மறுநாள் காலை ஒன்பதரை மணியளவில் போடி சேரும். திரும்பும் நாள்களில் போடியை இரவு எட்டரை மணியளவில் விடும். மற்றொன்று, முன்பதிவு இல்லாத வண்டி. காலை எட்டேகால் மணியளவில் மதுரையை விட்டுப் பத்தரைக்குப் போடி. பின்பு மாலை ஐந்தே முக்கால் மணியளவில் போடியை விட்டு இரவு எட்டு மணிக்குள் மதுரை.

சென்னை வண்டி மலைவாழ் மக்களுக்கென்றே வகுத்ததுபோல் அமைந்தது. காலை ஒன்பதரைக்கு இறங்குபவர் பேருந்து பிடித்துப் பிற்பகலில் மூணாறு சேரலாம்; போகும்போது பிற்பகலில் கிளம்பி இரவு வண்டியைப் பிடிக்கலாம். நாள்தோறும் ஓடவேண்டும் என்பதைத் தவிர இதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

மதுரை வண்டியின் கதை வேறு. மூணாற்றுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கும் குடும்பம் ஒன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளிநோயாளர் பிரிவு காலையில் பார்க்கும் இடம். முதல் நாள் நண்பகலில் மலையிலிருந்து இறங்கி மாலை வண்டி ஏறினால் இரவு எட்டு மணிக்கு மதுரை. அங்கே ஓர் இரவு. மறுநாள் காலை மருத்துவரைப் பார்க்க வரிசையில் நிற்கும் வேளையில் போடி வண்டி எட்டேகாலுக்குக் கிளம்பிப் போய்விட்டிருக்கும். ஆகவே இன்னோர் இரவு. மூன்றாம் நாள்தான் வீடு. ஒரு முறை மருத்துவரைக் காண இரண்டு இரவு விடுதி, மூன்று நாள் கூலி இழப்பு. நோயாளியோடு துணைக்கு வருபவரின் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டிக் கட்டணம் பேருந்தைவிட எவ்வளவு குறைந்தாலும் அந்தக் குடும்பம் பேருந்தில்தான் போகும், போகிறது. பிறகு, ‘வண்டியில் கூட்டம் இல்லை, ஆகவே இன்னொரு வண்டி விட இயலாது’ என்று கணக்குக் காட்டப்படும்.

இதற்கு உடனே மனத்தில் தோன்றும் பரிகாரம், விடியற்காலையில் போடியை விட்டு இரவில் திரும்பும் வண்டி ஒன்று வேண்டுமென்பது. போடி, தேனி, ஆண்டிபட்டி ஊர்களிலிருந்து மதுரைக்குக் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போவோர்க்கு அதுவே சிறந்தது, அவர்கள் கேட்பதும் அதுதான், கேட்பது நியாயம். ஆனால் மலைமேல் இருப்பவர்க்கு அது பயன் தராது. விடியற்காலை ஆறு மணி வண்டியைப் பிடிக்க முந்தின நாளே போடிக்கு வந்து தங்கவேண்டும். இரவு எட்டு மணிக்கு இறங்கினால் மேலே போகப் பேருந்து கிடைப்பது அரிது. கிடைத்தாலும், பூப்பாறை, சின்னக்கானல் பக்கத்தில் இரவில் போவதை எவரும் விரும்புவதில்லை. அரிக்கொம்பன் என்னும் யானையை 2023 ஏப்ரலில் அங்கே பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோனதும், அது மே மாதத்தில் கம்பம் நகரத் தெருவிலேயே வந்து நின்றதும் நினைவிருக்கும். அந்த ஒரு யானை போனதால் மற்ற யானைகள் போய்விடவில்லை. மழைக்காலமானால் தேவிகுளத்துக்கு அப்பால் கேப் ரோடு இருக்கிறது. 2019-இலும் 2020-இலும் மலை சரிந்து அச்சாலை மூடிக் கிடந்ததை அவ்வழியில் போனவர் மறக்கமாட்டார்கள். ஆக, மலைவாசிக்கு வேண்டியது முற்பகலில் போடியை விட்டு, பிற்பகலின் முற்பகுதியில் போடிக்குத் திரும்பும் வண்டி. ஊர்வாசிக்கு வேண்டியது காலையில் போய் இரவில் திரும்பும் வண்டி. இரண்டும் வேறு. இரண்டு கோரிக்கையையும் ஒன்றென்று எண்ணி ஒரே மனுவில் எழுதுவதால்தான் குழப்பம் நேர்கிறது.

இங்கே ஒரு யோசனை சொல்லத் தோன்றுகிறது. மேலே காட்டிய 2023 அட்டவணையைப் பாருங்கள். பத்தரைக்குப் போடி வந்த வண்டி ஐந்தே முக்கால் வரை என்ன செய்யும்? வெயிலில் நிற்கும். ஏழு மணி நேரத்துக்கு மேல் பெட்டிகளும் எஞ்சினும் சும்மா நிற்கின்றன. அதே வண்டி பத்தே முக்கால் மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டே முக்காலுக்கு மதுரை. ஒன்றேகாலுக்கு மதுரையை விட்டால் மூன்றேகாலுக்குப் போடி. பிறகு வழக்கம்போல் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பலாம். புதிய பெட்டி ஒன்றும் வேண்டாம். ஓட்டுநரும் காவலரும் இன்னொரு குழு வேண்டும், எரிபொருளோ மின்சாரமோ வேண்டும். பாதை ஒற்றைப் பாதையாதலால் எதிர்வண்டிக்கு விலக உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி ஆகிய இடங்களுள் ஒன்றில் ஒதுங்கவேண்டி வரலாம்; அன்றாடம் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அது பெரிய தடை அன்று.

இந்த ஏற்பாட்டில் நம் குடும்பத்தின் பயணம் எப்படி மாறுகிறது? காலை ஆறரை ஏழு மணிக்கு மூணாற்றில் பேருந்து ஏறினால் முற்பகல் வண்டியைப் பிடிக்கலாம். பிற்பகல் ஒரு மணிக்கு மதுரை. உறவினரைப் பார்ப்பதோ துணி எடுப்பதோ அன்றைக்கு ஆகும். ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை மருத்துவரைக் கண்டு, ஒன்றேகால் வண்டி ஏறினால் மூன்றேகாலுக்குப் போடி, மூன்றரைக்குப் பேருந்து, இருட்டுவதற்குள் மூணாறு. இரண்டு இரவு ஓர் இரவாகிறது. மூன்று நாள் இரண்டு நாளாகிறது. நாள்கூலிக் குடும்பத்துக்கு இது சிறு உதவியன்று.

ஆனால் மூன்றரைக்குப் பேருந்து நிற்கவேண்டும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வண்டி ரயில்வே துறையைச் சேர்ந்தது; பேருந்து தமிழ்நாட்டு அரசையோ கேரள அரசையோ தனியாரையோ சேர்ந்தது. ஒருவர் நேரம் மற்றவர்க்குத் தெரியாது. சுவிட்சர்லாந்தில் இதனை எப்படிச் செய்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1982-இல் அந்நாட்டு ரயில்வே, பெரும்பாலான தடங்களில் மணிக்கு ஒரு வண்டி, ஒவ்வொரு மணியிலும் ஒரே நிமிடத்தில், என்னும் முறையைக் கொண்டுவந்தது. 1987-இல் மக்களிடம் வாக்குக் கேட்டு அந்த முறையை இன்னும் விரிவாக்கினார்கள். வண்டி நிலையத்துக்கு வரும் நேரத்தை ஒட்டி மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் வாயிலில் வந்து நிற்கும். பயணி இறங்கி மேடையைக் கடந்தால் மலைக்கிராமத்துக்குப் பேருந்து தயார். எந்த ஊருக்குப் பாதை போடுவது என்பதைவிட எந்த நிமிடத்தில் எங்கே வண்டிகள் சந்திக்கவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்பப் பாதையைத் திருத்தினார்கள். அவர்களுக்குச் செல்வம் உண்டு, நமக்கு இல்லை என்று சொல்லலாம். கடிகாரம் நம்மிடமும் இருக்கிறது.

இலங்கை மலைநாட்டுத் தமிழரும் நம் நிலையில் இருப்பவர்களே. நுவரெலியா நகருக்குப் பெருவழிப் பாதை போகவில்லை. 1885-இல் வண்டி வந்து சேர்ந்தது சில கல் தள்ளியுள்ள நானுஓயாவுக்கு. பின்பு அங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஒரு குறும்பாதை போட்டார்கள். அதுவும் 1940-களில் மறைந்தது. இன்றும் நானுஓயாவில் இறங்கிப் பேருந்தோ வாடகை வண்டியோ பிடிப்பதுதான் வழக்கம். ஆனால் அங்கே ஹட்டன் போன்ற தோட்டப்புற ஊர்கள் பாதையின்மேலேயே இருப்பதால் தோட்டத்து மக்களுக்கு நிலையம் கைக்கெட்டும் தூரம். நமக்கு அந்த நற்பேறு இல்லை. ஆகவே பேருந்தும் ஜீப்பும் நம் நிலையத்தின் பகுதிகளே என்று கொள்ளவேண்டும்.

ஏலத்தோட்ட ஜீப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. போடியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் நாள்தோறும் வைகறையில் ஏறி மாலையில் இறங்கும் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், வண்டி நேரத்தால் பயன் அடைபவர் அல்லர். அவர்கள் போகும் திசையே வேறு. நிலையம் வந்ததால் அவர்களுக்கு என்ன நன்மை என்று கேட்டால், வைகறையில் கூடும் இடத்தில் தண்ணீரும் கழிப்பிடமும் கூரையும் இருந்தால் நன்மை, இல்லையேல் இல்லை. இதை நகராட்சிதான் பார்க்கவேண்டும்.

நிலையத்துக்குள் வேண்டியவை

ரயில்வே துறை 2017 முதல் நிலையங்களைப் புறநகர் நிலையம், புறநகர் அல்லாதது, நிறுத்தம் என்று மூவகையாகப் பிரித்து, பயணிகளின் எண்ணிக்கையும் வருவாயும் பார்த்துத் தரம் வைக்கிறது. தரத்தைப் பொறுத்தே மேடைக் கூரையின் நீளமும் குழாய்களின் எண்ணிக்கையும் அமையும். இதில் ஒரு சிக்கல். எண்ணிக்கை குறைந்தால் வசதி குறையும். வசதி குறைந்தால் எண்ணிக்கை மேலும் குறையும். தொடக்கத்திலேயே எண்ணிக்கைக்கு மேல் சற்றுத் தாராளமாகச் செய்யாவிட்டால் முடிவிட நிலையம் ஒன்று தலையெடுக்காது.

நம்மவர் தேவை மற்றப் பயணியின் தேவையைப் போன்றதன்று. பேருந்து நேரமும் வண்டி நேரமும் பொருந்தாததால் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள், குளிரிலிருந்து இறங்கியவர்க்குப் போடி வெயில் தாங்காது, மூட்டைகள் மிகுதி, குழந்தைகள் உடன் வருவார்கள். பூட்டாமல் திறந்திருக்கும் பெண்கள் காத்திருப்பறை ஒன்று, மூட்டை ஒப்படைக்க ஓர் அறை, இரவில் விளக்கு எரியும் வாயில் ஆகியவை அலங்கார முகப்பைவிட அவசியம். முகப்பில் வண்ண விளக்குப் போட்டுப் படம் எடுப்பதில் எனக்கு வெறுப்பில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட பிறகு அதைச் செய்யலாம்.

முன்பதிவுச் சீட்டு எடுக்கக் கைப்பேசி இருக்கிறதே என்பர். பல தோட்டங்களில் அலைவரிசை கிடைப்பதில்லை. அஞ்சலகங்களில் முன்பதிவுச் சாளரம் வைக்கும் ஏற்பாடு ரயில்வேயில் பல ஆண்டுகளாக உண்டு. மலைநாட்டு அஞ்சலகங்களில் அது நாள்தோறும் இயங்குமானால் சென்னை வண்டியில் நம்மவர்க்கும் இடம் கிடைக்கும். மற்றொன்று அறிவிப்பு மொழி. போடியில் தமிழ்ப் பலகை இருக்கிறது. இராஜகுமாரி, ராஜாக்காடு, அடிமாலி ஆகிய ஊர்களிலிருந்து மலையாளக் குடும்பங்களும் இவ்வண்டியை நாடி வருவார்கள். அவர்களுக்கு மலையாளத்தில் ஒரு நேரப்பலகை வைப்பது மரியாதை. பாலக்காட்டுப் பக்கத்து நிலையங்களிலும் கேரளப் பேருந்துகளிலும் தமிழில் ஒரு வரி வேண்டுமென்று நாம் கேட்கும்போது அந்த மரியாதை நமக்குத் துணை நிற்கும்.

சரக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். போடியிலும் வண்டன்மேட்டுக்கு அருகில் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் உள்ளன; ஏலக்காய் வாணிகத்தின் நாடி அங்கேதான் துடிக்கிறது. ஏலக்காய் எடை குறைந்து விலை மிகுந்த பொருள். லாரியில் போய்ப் பழகிவிட்டது. சென்னை வண்டியில் பார்சல் பெட்டியை ஒழுங்காக இயக்கினால் அதில் ஒரு பங்கு திரும்பக்கூடும். நிலையத்தின் வருவாய் உயர்ந்தால் தரம் உயரும். தரம் உயர்ந்தால் குழாயும் கூரையும் கூடும்.

பீருமேட்டுப் பக்கத்தார், ‘போடி உங்களுக்கு, எங்களுக்கு எது?’ என்று கேட்பார்கள். குமுளியிலிருந்து இன்றைக்குத் தேனி நிலையமே வழி; ஏறக்குறைய 60 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை பாதை வேண்டுமென்னும் கோரிக்கை பழையது. பெரியாற்று மின்நிலையம் இருக்கும் அந்த மலையடிவாரத்துக்கு வண்டி வந்தால் குமுளிக் கணவாய் ஒன்றே எஞ்சும். மேற்கே அங்கமாலியிலிருந்து எருமேலிக்கு 111 கிலோமீட்டர் சபரிப் பாதை 1997-98-இல் அனுமதிக்கப்பட்டு, காலடி வரை ஏழு கிலோமீட்டர் மட்டும் போடப்பட்டு, 2019-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2025-இல் மறுபடி தொடங்குவதாகப் பேச்சு எழுந்தது. அது தொடுபுழையைத் தொட்டால் இடுக்கி மாவட்டத்தின் முதல் நிலையம் அங்கே அமையும். ஆனால் தொடுபுழை தேவிகுளத்துத் தோட்டக்காரர்க்கு எட்டாத தொலைவு. இவ்விரண்டும் வரும்போது வரட்டும். கையில் இருக்கும் போடியைப் பயன்படுத்திக்கொள்வது நம் பொறுப்பு.

அதற்கு வழி என்ன? ரயில்வேயின் ஒவ்வொரு கோட்டத்திலும் பயணிகள் ஆலோசனைக் குழு உண்டு. போடிப் பாதை மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. வண்டி நேரங்கள் பற்றிய கோரிக்கை கால அட்டவணை திருத்தப்படுவதற்கு முன்பே போய்ச் சேரவேண்டும். அச்சேறிய பின் அனுப்பும் மனு அடுத்த ஆண்டுக்கே. மனுவில் ‘மக்கள் துன்புறுகிறார்கள்’ என்று பத்து வரி எழுதுவதைக் காட்டிலும், இன்ன தோட்டத்திலிருந்து இத்தனை பேர், மாதத்தில் இத்தனை முறை, இன்ன வேலைக்கு, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குச் சேர்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதினால் அலுவலர் படிப்பார். தேவிகுளம், உடுமஞ்சோலை வட்டங்களில் உள்ள நம் உறுப்பினர் குடும்பங்கள், வரும் இரண்டு திங்களில் தாங்கள் மதுரைக்கோ தேனிக்கோ போய்வந்த ஒவ்வொரு பயணத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும்: புறப்பட்ட நேரம், ஏறிய வண்டி, காத்திருந்த நேரம், தங்கிய இரவுகள், ஆன செலவு, இழந்த கூலி. பேருந்தில் போனவர்களும் குறிக்கவேண்டும். புகைவண்டியை விட்டுப் பேருந்துக்கு ஏன் போனோம் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். புகையே இல்லாத வண்டியை நாம் இன்னும் புகைவண்டி என்றுதான் அழைக்கிறோம்; அந்தப் பெயரையே நோட்டின் மேல் எழுதிக்கொண்டாலும் சரி.